ராயல் சொசைட்டிக்கு டாக்டர்கள் எழுதிய விநோத நோயாளிகள்: அந்த நோயாளிகள் என்ன சொன்னார்கள்?

பழுப்பேடு:

லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் 'பிலாசபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' பழைய இதழ்களை மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1665 மார்ச் 6-இல் ஆரம்பித்த இதழ். செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் சொந்தக் காசைப் போட்டு நடத்தினார். முதல் இதழிலேயே உருக்குலைந்து பிறந்த ஒரு கன்றுக்குட்டியைப் பற்றி ராபர்ட் பாயில் எழுதிய குறிப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல், எங்கெங்கோ இருந்த வைத்தியர்களும் அறுவை மருத்துவர்களும் தாங்கள் பார்த்த அபூர்வமான நோயாளிகளைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

பெரும்பாலான கடிதங்களில் நோயாளி வாயே திறப்பதில்லை. கட்டி இவ்வளவு எடை, கல் இவ்வளவு நீளம், அறுத்துப் பார்த்தபோது இது இருந்தது என்று முடிந்துவிடும். ஆனால் 1728-இல் வில்லியம் செசல்டன் எழுதிய குறிப்பு வேறு மாதிரி. பிறவியிலோ நினைவு தெரியாத வயதிலோ பார்வை போன, பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு அவர் கண்புரையைக் கம்பியால் தள்ளிப் பார்வை கொடுத்தார். ஆபரேஷன் பற்றி அவர் எழுதியது கொஞ்சம்தான். மீதி முழுக்க அந்தப் பையன் சொன்னவை.

பார்த்த முதல் நாட்களில் எல்லாப் பொருளும் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாக அவன் நினைத்தான், தோலைத் தொடுவது போல. எது நாய், எது பூனை என்று திரும்பத் திரும்ப மறந்துவிடும். கேட்கக் கூச்சம். ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவி, தடவியதால் பூனைதான் என்று உறுதி செய்துகொண்டு, உற்றுப் பார்த்துவிட்டுக் கீழே விட்டான். இனிமேல் உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று பூனையிடமே சொன்னானாம்.

படங்களைக் காட்டினார்கள். இரண்டு மாதம் வரை அவனுக்கு அவை வண்ணம் தீட்டிய தட்டையான பரப்பு மட்டும்தான். திடீரென்று ஒருநாள் அவை உருவங்களைக் குறிக்கின்றன என்று புரிந்தது. உடனே கையால் தொட்டுப் பார்த்தான். தட்டையாக இருந்தது. "எது பொய் சொல்கிறது, கண்ணா, கையா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு அன்றிரவு மேற்கொண்டு படிக்கவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தக் காலத்துக் குறிப்புகளில் இன்றும் உயிரோடு இருப்பவை நோயாளியின் பேச்சை எழுதிவைத்தவை. மற்றவை வேடிக்கைப் பட்டியல். உங்களுக்குத் தெரிந்தவற்றையும் சொல்லுங்கள்.

ராத்திரி டூட்டி:

அறுவை சிகிச்சையில் பிஜி (மேற்படிப்பு) மூன்றாம் வருடம் படிக்கிறேன். உங்கள் கருத்தில் பாதிதான் எனக்குச் சம்மதம்.

கிளாடியஸ் அமியாண்ட் என்பவரின் குறிப்பைப் பாருங்கள். 1735 டிசம்பர், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை. ஹான்வில் ஆண்டர்சன் என்ற 11 வயதுப் பையன். சின்ன வயதிலிருந்தே விதைப்பைக்குள் இறங்கிய குடலிறக்கம், பக்கத்தில் சீழ் ஒழுகும் துவாரம். திறந்து பார்த்தால், இறங்கியிருந்தது குடல்வால். அதற்குள் ஒரு குண்டூசி! எப்போதோ விழுங்கியது, சுற்றிலும் கல் படிந்து, குடல்வாலைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது. அமியாண்ட் சுற்றி நின்ற மருத்துவர்களைக் கலந்துகொண்டு குடல்வாலைக் கட்டி வெட்டியெடுத்தார். பையன் பிழைத்துக்கொண்டான். குடல்வாலை வெட்டியெடுத்து நோயாளி பிழைத்ததாகப் பதிவான முதல் ஆபரேஷன் அதுதான்.

மயக்க மருந்து கிடையாது. ஈதர் வர இன்னும் 111 வருடம் இருக்கிறது. அரை மணி நேரம் அந்தப் பிள்ளை முழு நினைவோடு படுத்திருந்தான்.

அமியாண்ட் சாதாரண ஆள் இல்லை, இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் அறுவை மருத்துவர். அவர் எழுதுகிறார்: தான் செய்ததிலேயே இவ்வளவு சிக்கலும் குழப்பமும் கொடுத்த ஆபரேஷன் வேறில்லை, எது எந்த உறுப்பு என்று பிரித்தறிய முடியாத இடத்தில் வெட்டிக்கொண்டே போனேன், எனக்கு எவ்வளவு சிரமமோ அவ்வளவு வலி நோயாளிக்கு என்று. பிற்பாடு குடலிறக்கம் திரும்பவும் வந்துவிட்டது என்பதையும் மறைக்கவில்லை.

இதில் பையன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனாலும் எனக்கு இது உயிருள்ள குறிப்பு. தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்று ஒரு பெரிய மருத்துவர் எழுதியதால்தான். குடலிறக்கப் பைக்குள் குடல்வால் இருந்தால் இன்றும் அதை அமியாண்ட் ஹெர்னியா என்கிறோம். போன வருடம் நானே ஒன்று பார்த்தேன், சீனியர் அந்தப் பெயரைச் சொன்னதும் வீட்டுக்கு வந்து மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தேன்.

குடல்வால் அழற்சி என்ற நோயை ரெஜினால்ட் ஃபிட்ஸ் தெளிவாக விளக்கியது 1886-இல். அதாவது அமியாண்டின் குறிப்பு 150 வருடம் காத்திருந்தது.

வாசல்திண்ணை:

இரண்டு பேரும் நல்ல டாக்டர்களையே எடுத்துக்கொள்கிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

1790-இல் அதே இதழில் லண்டன் அறுவை மருத்துவர் எவரார்ட் ஹோம் எழுதியது. 1783-இல் வங்காளத்தில் ஓர் ஏழை வீட்டில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. தலைக்கு மேல் தலைகீழாக இன்னொரு தலை. மருத்துவச்சி பயந்துபோய்க் குழந்தையை நெருப்பில் போட்டாள். எடுத்துக் காப்பாற்றினார்கள், மேல் தலையின் கண்ணும் காதும் வெந்துபோயின. அப்புறம் பெற்றோர் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய்க் காசுக்குக் காட்டினார்கள். காசு கொடுக்காதவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று துணியால் மூடிவைப்பார்களாம். நாலு வயதில் ஒருநாள், அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரம், நல்ல பாம்பு கடித்து இறந்துபோனான். புதைத்தார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் உப்பு ஏஜெண்ட் ஒருவர் அந்தக் குழியைத் தோண்டி உடலை எடுத்தார். மண்டையோடு கப்பலேறி லண்டனில் ஹோம் கைக்குப் போனது. இன்றும் லண்டன் ஹண்டேரியன் மியூசியத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது.

உடற்கூறு விவரங்கள் அத்தனையும் கவனமாக எழுதப்பட்டிருக்கின்றன. மேல் தலை எப்போது முகம் சுளித்தது, எப்போது கண் மூடியது எல்லாம் இருக்கிறது. அந்தப் பிள்ளையை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று மட்டும் இல்லை. நாலு வருடம் வளர்ந்த பிள்ளைக்குப் பெயர் இல்லாமலா இருந்திருக்கும்?

ராத்திரி டூட்டி:

வாசல்திண்ணை ஐயா, தோண்டியது தவறு, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அப்படி ஒரு பிள்ளை நாலு வயது வரை வாழ்ந்தான் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. தலையோடு தலை ஒட்டிப் பிறக்கும் அந்த வகை இரட்டையர் எவ்வளவு அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வாசல்திண்ணை:

தெரியும் தம்பி. அந்த வாதத்தை அயர்லாந்துக்காரர் சார்லஸ் பைரன் விஷயத்திலும் சொன்னார்கள். ஏழடி ஏழங்குலம் உயரம். 1783-இல் 22 வயதில் இறந்தார். தன் உடல் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் கையில் சிக்கக் கூடாது, கடலில் இறக்கிவிடுங்கள் என்று நண்பர்களிடம் கேட்டுக்கொண்டவர். ஹண்டர் காசு கொடுத்து உடலை வாங்கி, எலும்புக்கூட்டைத் தன் மியூசியத்தில் நிறுத்திவிட்டார், அதே ஹண்டேரியன் மியூசியம்தான். ஆம், அதனால் பயன் இருந்தது: 1909-இல் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் மண்டையைத் திறந்து, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழி பெரிதாகியிருப்பதைக் கண்டார். 2011-இல் பல்லில் எடுத்த மரபணுவை வைத்து, வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களுக்கும் அவருக்கும் அதே மரபணு மாற்றம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அது உதவிதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 240 வருடம் ஆகி, 2023-இல்தான் இனிமேல் காட்சிக்கு வைக்க மாட்டோம் என்று மியூசியம் அறிவித்தது. பைரன் பேசினார், பழுப்பேடு. தெளிவாகவே பேசினார். கேட்க ஆள் இல்லை.

பழுப்பேடு:

நீங்கள் சொல்வது நியாயம். நோயாளி பேசினாரா என்பதோடு நிற்கக் கூடாது, பேசியதை டாக்டர் என்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டும்.

ஆர்தர் கோகா ஞாபகத்துக்கு வருகிறார். 1667 நவம்பர் 23, ராயல் சொசைட்டி ஏற்பாட்டில் ரிச்சர்ட் லோயரும் எட்மண்ட் கிங்கும் ஓர் ஆட்டின் ரத்தத்தை அவர் உடம்பில் ஏற்றினார்கள். கூலி இருபது ஷில்லிங். கோகா கேம்பிரிட்ஜில் படித்தவர். ஏன் ஆட்டு ரத்தம் என்று கேட்டதற்கு, கிறிஸ்து தேவ ஆட்டுக்குட்டி அல்லவா என்று லத்தீனில் பதில் சொன்னார். அவர் கொஞ்சம் மூளை கலங்கியவர் என்ற பேச்சும் இருந்தது. அப்படிப்பட்டவர் பணத்துக்குக் கொடுத்த சம்மதம் எந்த அளவு சம்மதம்?

1726-இன் மேரி டாஃப்டும் அப்படித்தான். முயல் குட்டிகளைப் பெற்றெடுப்பதாக காடல்மிங் ஊர்ப் பெண் ஒருத்தி சொன்னதை அரண்மனை மருத்துவர் செயின்ட் ஆண்ட்ரே நம்பிப் புத்தகமே போட்டார். டிசம்பரில் அவளே ஏமாற்று என்று ஒத்துக்கொண்டாள். ஊரே கைகொட்டியது. அதே வருடம் ஆகஸ்டில் அவளுக்குக் கரு கலைந்திருந்தது. அதைப் பற்றிப் பரிவோடு எழுதிய ஒரு டாக்டரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

கண்முகாம்:

வணக்கம். நான் மதுரைப் பக்கம் கண் மருத்துவ உதவியாளராக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செசல்டன் விஷயத்துக்காக எழுதுகிறேன்.

முகாமுக்கு வருகிற வயதானவர்களுக்குக் கட்டுப் பிரித்ததும் உடனே பேரனைத் தெரியும், காளை மாட்டைத் தெரியும். அவர்கள் ஏற்கெனவே பார்த்து வாழ்ந்தவர்கள். பிறவிக் கண்புரைப் பிள்ளைகள் அப்படி இல்லை. என் சர்வீஸில் ஒரு ஒன்பது வயதுப் பெண் பிள்ளையை மறக்கவே மாட்டேன். கட்டுப் பிரித்தவுடன் அம்மா முகத்தை முன்னால் வைத்துச் சிரித்தாள். பிள்ளை அசையவே இல்லை. அம்மா "கண்ணு" என்று கூப்பிட்டாள். அப்புறம்தான் கையை நீட்டி முகத்தைத் தடவி, தடவிக்கொண்டே பார்த்தது. அம்மா அழுததை நாங்கள் சந்தோஷத்தில் என்று நினைத்தோம். தன் முகம் பிள்ளைக்குத் தெரியவில்லையே என்று அழுதிருக்கிறாள். இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செசல்டன் குறிப்பை எங்களுக்குப் பயிற்சியில் பாடமாக வைத்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

இன்னொரு தகவல். டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மோலினோ 1688-இல் தத்துவவாதி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதினார். கையால் தடவி உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்த பிறவிக் குருடருக்குப் பார்வை வந்தால், தொடாமலே எது எது என்று சொல்வாரா? மோலினோவின் மனைவி பார்வை இழந்தவர். சும்மா பொழுதுபோகாமல் கேட்ட கேள்வி இல்லை அது. இதற்குச் சரியான சோதனையை நம் நாட்டில்தான் செய்தார்கள். பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில் பார்வை பெற்ற ஐந்து பிள்ளைகளிடம் செய்து 2011-இல் வெளியிட்டார்கள். கட்டுப் பிரித்த உடனே அவர்களால் சொல்ல முடியவில்லை. சில நாட்களிலேயே கற்றுக்கொண்டார்கள். செசல்டனின் பையன் பூனையைப் பிடித்துத் தடவினானே, அதேதான்.

பழுப்பேடு:

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். செசல்டனில் நான் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உங்களுக்காக.

ஆபரேஷனுக்கு முன்னால் அந்தப் பையனுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. எழுதப் படிக்க வேண்டும், அதற்காக மட்டும் வேண்டுமானால் சரி என்றான். தோட்டத்தில் நடப்பதில் இருக்கிற சந்தோஷத்தைவிட வெளியே நடப்பதில் என்ன கூடுதலாகக் கிடைத்துவிடும் என்று கேட்டான். இருட்டில் கண் உள்ளவர்களைவிட நான் நன்றாக நடப்பேன் என்றும் சொன்னான். பார்வை வந்த பிறகும் ராத்திரி வீட்டுக்குள் நடமாட அவனுக்கு விளக்கு தேவைப்படவில்லை. ஒரு வருடம் கழித்து எப்சம் மேட்டுக்கு அழைத்துப்போனார்கள். பரந்த வெளியைப் பார்த்துவிட்டு, இது புதுவிதமான பார்வை என்றான்.

பார்வையற்றவரின் வாழ்க்கை வெறும் குறை இல்லை என்பதை 1728-இல் ஒரு பையன் சொல்லி, ஒரு டாக்டர் அதை வெட்டாமல் எழுதியிருக்கிறார்.

ஒரு அம்மா:

இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன். என் பையனுக்கு ஒன்பது வயது. இக்தியோசிஸ். எங்கள் ஊரில் மீன் செதில் தோல் என்பார்கள். பள்ளியில் வேறு பெயர்களும் சொல்கிறார்கள், அதை இங்கே எழுத வேண்டாம். பழைய காலத்தில் இப்படி யாரையாவது பற்றி எழுதியிருக்கிறார்களா? அவர்கள் எப்படி இருந்தார்கள்? கல்யாணம், குழந்தை எல்லாம் இருந்ததா?

பழுப்பேடு:

அம்மா, இருக்கிறார். எட்வர்ட் லாம்பர்ட். இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக்காரர். 14 வயதில் அவரை அப்பா ராயல் சொசைட்டிக்கு அழைத்துவந்தார். அவரைப் பற்றி ஜான் மேச்சின் எழுதியது 1732-இல் வந்தது. முகம், உள்ளங்கை, பாதம் தவிர உடம்பு முழுக்கத் தடித்த, முள் போன்ற தோல். வருடத்துக்கு ஒருமுறை உதிர்ந்து மறுபடி வளரும். உங்கள் பையனுக்கு இருப்பது பெரும்பாலும் இதே வகையாக இருக்காது, இக்தியோசிஸில் பல வகை உண்டு, லாம்பர்ட்டுடையது மிக அபூர்வமானது.

இதில் எனக்குப் பிடித்தது, இருபது வருடத்துக்கு மேல் கழித்து ஹென்றி பேக்கர் அவரை மறுபடி பார்த்து 1755-இல் தொடர்ச்சி எழுதியது. பேக்கர் மருத்துவர் இல்லை, நுண்ணோக்கி ஆராய்ச்சியாளர். அப்போது லாம்பர்ட்டுக்கு நாற்பது வயது. நல்ல உடற்கட்டு, களையான முகம், உடம்பையும் கையையும் மூடியிருந்தால் மற்றவர்களிடமிருந்து வித்தியாசமே தெரியாது என்கிறார். கல்யாணம் ஆகியிருந்தது. ஆறு பிள்ளைகள், ஆறு பேருக்கும் அதே தோல் என்று பேக்கர் எழுதுகிறார். அப்போது எட்டு வயதுப் பையன் ஒருவன்தான் மிஞ்சியிருந்தான். குழந்தைகளை இழந்த குடும்பங்கள் அந்தக் காலத்தில் நிறைய, ஆகவே இதைத் தோலோடு மட்டும் சேர்த்துப் பார்க்காதீர்கள். இரண்டு முறை பாதரச சிகிச்சை எடுத்துப் பார்த்தார். தோல் உதிர்ந்து மறுபடி வந்துவிட்டது. ஆமாம், காசுக்குத் தன்னைக் காட்டிப் பிழைத்தவர்தான். அதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

வாசல்திண்ணை:

அம்மா, உங்கள் பையனுக்கு என் அன்பு.

பேக்கர் அந்தக் குறிப்பில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இவர் வழியில் ஒரு மக்கள் கூட்டமே பெருகி, எப்படித் தொடங்கியது என்பது மறந்துபோனால், அவர்களைத் தனி மனித இனம் என்று சொல்லிவிடுவார்கள், கறுப்புத் தோலும் அப்படி ஒரு தற்செயலால் வந்திருக்கலாம் என்று. கறுப்புத் தோலை நோயோடு சேர்த்துப் பேசியதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே வம்சம் என்ற எண்ணமும் அதே வாக்கியத்தில் இருக்கிறது.

ராத்திரி டூட்டி:

அம்மாவுக்காக ஒரு விஷயம். லாம்பர்ட் குடும்பத்தில் இது அப்பாவிடமிருந்து மகன்களுக்கு மட்டுமே போகும் என்று பாடப் புத்தகங்களில் நெடுங்காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1958-இல் மரபியல் ஆய்வாளர்கள் பென்ரோஸும் ஸ்டெர்னும் பழைய குறிப்புகளையும் சர்ச் பதிவேடுகளையும் மறுபடி பார்த்தார்கள். பெண் பிள்ளைகளுக்கும் இருந்திருக்கிறது, எல்லா மகன்களுக்கும் வரவும் இல்லை. ஆக ஒருவர் எழுதியதை அடுத்தவர் சரிபார்க்காமல் எடுத்தெழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். உங்கள் பையனின் வகை எது, அடுத்த பிள்ளைக்கு வருமா என்பதை மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள், சொந்தக்காரர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஒரு அம்மா:

நன்றி தம்பி. நன்றி ஐயா. ஒரு கேள்வி. போன மாதம் தோல் டாக்டர், பையனின் போட்டோவை மருத்துவப் பத்திரிகையில் போட வேண்டும் என்று கையெழுத்து கேட்டார். நல்ல டாக்டர், அக்கறையாகப் பார்க்கிறார். பேப்பர் முழுக்க ஆங்கிலம். எனக்குப் படிக்கத் தெரியாது. போட்டுவிட்டேன். இந்த வங்காளப் பிள்ளை கதையைப் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது.

ராத்திரி டூட்டி:

அம்மா, வெளியாகும் முன் சம்மதத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்கவும் உரிமை இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள். நானும் அவசரத்தில் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இனி வாங்க மாட்டேன்.

மானிப்பாய்:

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். எங்கட ஊரில சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் எண்ட அமெரிக்க மிஷன் டாக்குத்தர் 1847இல வந்தவர். தமிழ் படிச்சு, தமிழிலயே மாணாக்கருக்கு வைத்தியம் படிப்பிச்சவர். உடற்கூறு, அறுவை வைத்தியம், பிள்ளைப்பேறு பற்றின நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அந்தக் காலத்திலயே அது முடிஞ்சிருக்கு. ஒரு பக்கப் படிவம் தமிழில வாறதுக்கு இப்ப என்ன தடை? கேளுங்கோ அக்கா.

ஒரு அம்மா:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார், நர்ஸ் அதைக் கையாலேயே எழுதினாங்க. பையனையும் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அவன் சொன்னது: முகம் வேண்டாம், கை, கால் போடலாம். பெயர் வேண்டாம். மார்கழியில்தான் ரொம்ப வெடிக்கும், வெயில் காலத்தில் வியர்க்காது, தலை சுற்றும், ஆனால் பி.டி. சார் ஓடச் சொல்வார், அதை எழுதுங்க.

வியர்க்காது என்று அவன் எங்களிடம்கூடச் சொன்னதில்லை. டாக்டர் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். பள்ளிக்கு ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார், வெயிலில் ஓடவிடக் கூடாது என்று.

பழுப்பேடு ஐயா, அந்தப் பூனைக் கதையைப் பையனிடம் சொன்னேன். பூனைக்கு என்ன பெயர் என்று கேட்கிறான்.